வாயில் வைக்கிற மரம்

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், பதினோரு மணி டீக்குப் பதிலாக எனக்கு ஒரு டம்ளர் வேப்பமரம் கொடுத்தார்கள்.

இலை இல்லை, பட்டை இல்லை, மரமேதான். சீவல் சீவலாகச் செதுக்கிய வேப்பங்கட்டையை எவர்சில்வர் கிண்ணத்தில் போட்டு, கரண்ட் அடுப்பில் தளதளவென்று கொதிக்கவைத்து வடிகட்டினார் ஓர் அம்மாள். முதலில் தான் ஒரு வாய் குடித்தார். பிறகு இன்னொரு டம்ளரில் ஊற்றி என் பக்கம் நகர்த்தினார். ஐம்பது வயதைத் தாண்டியவர். புர்காவைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, சேலைத் தலைப்பைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டிருந்தார். கண்ணாடி மூக்கு நுனியில் நின்றது.

"குடி."

"இது என்னங்க?"

"நீதான லேபிள் எய்தப் போற பொண்ணு? வேப்பங்கரண்டி, ஆரோக்கியம், பாரம்பரியம்னு எய்துவ. அது வாயில எப்டி கீதுன்னு தெரிய வேணாமா?"

குடித்தேன். எம்.பி.ஏ. படிக்கும்போது மூன்று வருடம் அனுபவிக்க வேண்டிய கசப்பை இரண்டு வருடத்தில் முடித்துவிட்டோமே என்று எனக்கொரு குறை இருந்தது. அன்று அது தீர்ந்தது.

"பச்ச மரம்" என்றார். "நல்லா காஞ்சா இந்தக் கசப்பு எறங்கிடும். ஆனா ஒங்க மொதலாளிக்கு மரம் காயறதுக்குள்ள தொண்ட காஞ்சிடுது. இப்பப் போயி எய்து, போ."

நாங்கள் எல்லாரும் அவரைப் பாயம்மா என்றுதான் கூப்பிட்டோம். வருகைப் பதிவேட்டில் ஒரு பெயர் இருந்தது. அதை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் ஏன் எழுதினாய் என்று கேட்க மாட்டார். மற்றதையெல்லாம் ஏன் தப்பாக எழுதினாய் என்று கேட்பார். பிறந்தது பழவேற்காடு, வாழ்க்கைப்பட்டது திருவள்ளூர். வீட்டுக்காரர் மர டிப்போ வைத்திருந்தார். அவர் போன பிறகு கொஞ்ச காலம் இவரே அதை நடத்தி, பிறகு மூடிவிட்டு, எங்கள் கம்பெனிக்கு மரம் பார்க்க வந்தார். அவருடைய அடையாள அட்டையில் 'மூலப்பொருள் ஆலோசகர்' என்று போட்டிருக்கும். யாராவது என்ன வேலை என்று கேட்டால், "மரம் வந்தா வாணாம்னு சொல்ற வேல" என்பார். அட்டையை விட அதுதான் சரி.

கம்பெனி காக்களூர் தொழிற்பேட்டையில் இருந்தது. ஒரு பக்கம் லேத்தில் வால்வு கடைகிற பட்டறை, இன்னொரு பக்கம் பிளாஸ்டிக் மூடி அடிக்கிற மெஷின். நடுவில் நாங்கள், இயற்கையோடு இயைந்த வாழ்க்கைக்கு மரக்கரண்டி செய்து கொண்டிருந்தோம். முதலாளிக்கு முப்பத்து மூன்று வயது. பத்து வருடம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்ததில் முதுகு வலி வந்தது. அதை அவர் மண்ணின் அழைப்பு என்று புரிந்து கொண்டார். எங்களிடம், "என்னை சார்னு கூப்பிடாதீங்க, இங்க எல்லாரும் ஒரே ஃபேமிலி" என்பார். நாங்கள் "சரி சார்" என்போம். பாயம்மா மட்டும் "மொதலாளி" என்று கூப்பிடுவார். அந்த வார்த்தையைக் கேட்கும்போதெல்லாம் முதலாளியின் முகம், தன்னைப் பழைய கறுப்பு வெள்ளைப் படத்தில் சவுக்கோடு நிற்க வைத்தது போல மாறும்.

பாயம்மாவின் கணக்கில் உலகத்து மரமெல்லாம் மூன்று தினுசுதான். உட்கார்கிற மரம், எரிக்கிற மரம், வாயில் வைக்கிற மரம். தேக்கு முதல் தினுசு. "தேக்கு கட்டிலுக்கு நல்லா கீதும்மா. சாம்பாரு இன்னா அதுல படுத்துத் தூங்கப் போவுதா?" மூன்றாவது தினுசுக்குள் ஒரு மரம் நுழைவது, எங்கள் ஊரிலிருந்து ஒருவன் டாக்டர் சீட்டு வாங்குவது மாதிரி. முதலில் கட்டையின் வெட்டுவாயில் ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்துவிட்டு வாய்க்குள்ளேயே எண்ணுவார். சீக்கிரம் உறிஞ்சினால் தள்ளுபடி. "தண்ணிய இஸ்துக்குற மரம் கொயம்பையும் இஸ்துக்கும். நேத்து கொயம்ப நாளைக்கி சாதத்துல போடும்." அடுத்தது நகத்தால் கீறுவார். அடுத்தது மோந்து பார்ப்பார். இதிலெல்லாம் தேறியவற்றுக்குத்தான் கொதிக்கும் தண்ணீர்.

அதில் அவருக்கு ஒரு சட்டம் இருந்தது. தான் குடிக்காததை அடுத்தவருக்குக் கொடுக்க மாட்டார். தான் குடித்ததை அடுத்தவர் குடிக்காமல் விட மாட்டார்.

ஒருமுறை ஆந்திர எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒருத்தர் லாரி நிறைய மரம் ஏற்றிக் கொண்டு வந்தார். முதல் தரமான வாகை என்று கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்யாத குறை. பாயம்மா லாரியில் ஏறி, அடியில் கிடந்ததாகப் பார்த்து ஒரு கட்டையை உருவி, சீவிக் கொதிக்க வைத்தார். ஒரு வாய் குடித்தார். தொண்டையைச் செருமினார். டம்ளரை வியாபாரியிடம் நீட்டினார்.

அவர் முதலாளியைத் திரும்பிப் பார்த்தார். "இன்னா நைனா இது? நான் மரம் விக்க வந்தேனா, மருந்து குடிக்க வந்தேனா?"

"ஒன் மரம்தான? குடிக்க ஒனக்கு இன்னா பேஜாரு?" என்றார் பாயம்மா.

வியாபாரி டம்ளரையும் பார்த்தார், லாரியையும் பார்த்தார். கடைசியில் லாரியைத் தேர்ந்தெடுத்தார். மேலே இருந்த பத்துக் கட்டைதான் வாகை, மற்றது எதுவென்று அந்த மரத்துக்கே தெரியாது என்று அப்புறம் மேஸ்திரி சொன்னார். பாயம்மாவுக்கு சாயங்காலம் வரை குரல் கம்மியிருந்தது. அந்தக் கம்மிய குரலிலேயே மறுநாள் வந்த லோடையும் வேண்டாம் என்று சொன்னார்.

இதில் கஷ்டப்பட்டவர்கள் யார் என்றால், பன்னிரண்டு செதுக்குகிற ஆட்கள். மரம் இல்லாமல் உளியைத் தீட்டித் தீட்டி அது பாதியாகியிருக்கும். "இந்தம்மா இருக்கிற வரைக்கும் நாம கரண்டி செய்யப் போறதில்ல, பல்லுகுத்துற குச்சிதான்" என்பார் மேஸ்திரி. பாயம்மா காதில் விழும். விழுந்ததாகக் காட்டிக் கொள்ள மாட்டார். பழகுவதற்கு இனிமையானவர் என்று நானும் சொல்ல மாட்டேன். வேப்பம்பட்டில் நாங்கள் வீடு கட்டிக் குடி போனபோது ஆபீஸில் எல்லாரையும் கூப்பிட்டேன். வந்தவர்கள் டைல்ஸைப் பார்த்து நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார்கள். இவர் நேராகச் சமையலறைக்குள் போய், அம்மாவின் மோர் மத்தைத் தூக்கி வெளிச்சத்தில் காட்டினார்.

"மாமரம். பரவால்ல. ஆனா வெடிப்புக்குள்ள மூணு வருச மோரு கீது."

அம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் புது மத்து வாங்கினார், பிளாஸ்டிக்கில்.

இப்படி ஒருத்தரை முதலாளி ஏன் வைத்திருந்தார் என்றால், வாடிக்கையாளர்களைக் கூட்டிக் கொண்டு வந்து காட்டுவதற்கு. "நாங்க மரத்தைக் குடிச்சுப் பாத்துதான் வாங்குறோம்" என்று அவர் சொல்லும்போது, ஏதோ அவர் வயிற்றில்தான் வேப்பமரம் வேர்விட்டிருப்பது போலத் தோன்றும். குடிக்கிற நேரத்தில் மட்டும் அவருக்கு ஒரு போன் வந்துவிடும்.

பிறகு அந்தப் பெரிய ஆர்டர் வந்தது.

குழந்தைச் சாமான் விற்கிற ஒரு கடை. பல ஊர்களில் கிளை. ஆறாம் மாதத்தில் முதல் சோறு ஊட்ட மூவாயிரம் சின்னக் கரண்டிகள் வேண்டும், இரண்டு மாதத்தில். முதலாளி ஆகாயத்தில் நடந்தார். பாயம்மாவைக் கேட்டார்.

"கொயந்திக்கின்னா பூவரசு" என்றார் பாயம்மா. "வாசன இல்ல, ருசி இல்ல, வாயில வெச்சா மரம்னே தெரியாது. ஆனா வெட்னா காயணும். ஒரு வருசம் குடுங்க."

"ரெண்டு மாசம்தான் இருக்கு பாயம்மா."

"கொயந்தைங்கள மெதுவா வளரச் சொல்லுங்க."

முதலாளி அன்றைக்குச் சிரித்தார். அடுத்த வாரம் அவரே ஒரு குட்டியானை வண்டியில் முன்னால் உட்கார்ந்து கொண்டு வந்து இறங்கினார். பின்னால் பலகையும் கட்டையுமாகச் சிவந்த மரம்.

"எந்த ஊரு மரம் மொதலாளி?"

"வெளிநாடு! கும்மிடிப்பூண்டி ஃபேக்டரிகளுக்கு மெஷின் வருதுல்ல, அது உக்காந்து வர்ற மரம். மெஷினை இறக்கிட்டு இதைப் பழைய மரக் கடையில போட்டுடறாங்க. கல்லு மாதிரி இருக்கு பாருங்க. எலும்பு மாதிரி காஞ்சிருக்கு. நமக்கு ஒரு வருஷம் மிச்சம்."

பாயம்மா ஒரு கட்டையைப் புரட்டினார். ஒரு முனையில் கறுப்பாக எண்ணெய்க் கறை. மறுமுனையில் சூடு போட்ட மாதிரி ஒரு முத்திரை, அதற்குள் இரண்டு ஆங்கில எழுத்து.

"இது இன்னா எய்திகீதும்மா?" என்று என்னைக் கேட்டார்.

"எம், பி."

"எம்.பி.யா? ஓட்டு கேக்க வந்தப்பப் பாத்தது. அப்பால ஆளக் காணோமேன்னு இருந்தேன். இங்கதான் ஒக்காந்துகினு கீறாரா?"

பன்னிரண்டு பேரும் சிரித்தார்கள். முதலாளி சிரிக்கவில்லை. பாயம்மா சீவிக் கொதிக்க வைத்தார். ஆவி கிளம்பியதும் முகத்தைக் கொண்டு போனார். உடனே பின்னால் இழுத்துக் கொண்டார். கிண்ணத்தை எடுத்துப் போய்ச் சாக்கடையில் ஊற்றிவிட்டு, கையைச் சோப்புப் போட்டுக் கழுவினார். நான் பார்த்து அவர் குடிக்காமல் கொட்டியது அன்று ஒன்றுதான்.

நான் போனில் தேடிப் பார்த்தேன். கப்பலில் பூச்சி ஏறாமல் இருப்பதற்காக விஷப்புகை போட்ட மரம் என்பதற்கு அந்த இரண்டு எழுத்து அடையாளம். சாப்பாட்டுச் சாமான் செய்யக் கூடாது என்று பல இடத்தில் போட்டிருந்தது. முதலாளி அறைக்குப் போய்க் காட்டினேன்.

"புகைதானே? புகை எப்பவோ போயிருக்கும்" என்றார். "அதுவும் இல்லாம, உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சா போயிடும்."

தேய்த்தால் போவது விஷமா, எழுத்தா என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. மதியம் லேபிள் எழுதினேன். 'ஏழு கடல் தாண்டி வந்த உறுதியான மரம், உங்கள் செல்லத்தின் முதல் கவளத்துக்கு.' கடல் தாண்டி வந்தது வரைக்கும் உண்மை.

அடுத்த மூன்று வாரம் பாயம்மாவைத் தவிர எல்லாருக்கும் வேலை இருந்தது. செதுக்குகிறவர்கள் பாட்டுப் போட்டுக் கொண்டு செதுக்கினார்கள். பாயம்மா தன் மேஜையில் உட்கார்ந்து, வருகிறவர் போகிறவரை எல்லாம், "இத ஒங்க வூட்ல வாயில வெப்பீங்களா?" என்று கேட்டுக் கொண்டிருந்தார். மூவாயிரமும் முடிகிற நேரம். ஒரு நாள் பட்டறை நடுவில் எல்லார் முன்னாலும் முதலாளியையே கேட்டுவிட்டார்.

"ஒரே ஒரு கேள்வி மொதலாளி. ஒங்க பொண்ணுக்கு இதுல ஊட்டுவீங்களா?"

முதலாளிக்கு ஆறு மாதப் பெண் குழந்தை இருந்தது. அவர் கொஞ்சமும் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

"கண்டிப்பா ஊட்டுவேன்! வர்ற ஞாயித்துக்கிழமை பெரியபாளையத்துல பாப்பாவுக்குச் சோறு ஊட்டுறோம். எல்லாரும் வரணும். நம்ம கரண்டியிலதான் ஊட்டப் போறேன். போதுமா?"

எல்லாரும் கை தட்டினார்கள். பாயம்மா "சரி" என்றார். குனிந்து, முத்திரை குத்தின அந்த மரத்தில் ஒரு முழத் துண்டை எடுத்துத் தன் பைக்குள் போட்டுக் கொண்டார். "கொயந்தியோட கரண்டிய நானே செஞ்சு எடுத்தாறேன்."

ஞாயிற்றுக்கிழமை பவானியம்மன் கோயிலில் வேண்டுதலை முடித்துவிட்டு, பக்கத்து மண்டபத்தில் விசேஷம். வேப்பிலையும் மஞ்சளுமாகக் கூட்டம். மேடையில் முதலாளியின் மனைவி குழந்தையை மடியில் வைத்திருந்தார். முன்னால் வெள்ளிக் கிண்ணத்தில் நெய் விட்டுக் குழைத்த பருப்பு சாதம், பக்கத்தில் வெள்ளிக் கரண்டி. முதலாளி தன் வாக்கை மறந்துவிட்டார், அல்லது எல்லாரும் மறந்திருப்பார்கள் என்று நம்பினார்.

பாயம்மா மேடையேறினார். கையில் ஒரு கைக்குட்டை. அதை விரித்தார். உள்ளே சின்னதாக, சிவப்பாக, எண்ணெய் தேய்த்து வழவழவென்று ஒரு கரண்டி. அவ்வளவு அழகான கரண்டியை எங்கள் கம்பெனி அதுவரை செய்ததில்லை.

"மொதலாளி சொன்ன கரண்டி" என்றார் சத்தமாக.

"ஐயோ, எவ்ளோ அழகா இருக்கு!" என்றார் முதலாளியின் மனைவி. "வெள்ளியெல்லாம் எதுக்கு, நம்ம கம்பெனிக் கரண்டி இருக்கும்போது?" வாங்கி, சாதத்தை எடுத்து, ஊதி ஆற்றினார். வீடியோக்காரர் கிட்டே வந்தார். குழந்தை வாயைத் திறந்தது.

"வேணாம்!"

மனைவியின் கையை முதலாளி தட்டிவிட்டார். கரண்டி மேடையில் விழுந்து உருண்டது. சாதம் மனைவியின் பட்டுப்புடவையில் தெறித்தது. குழந்தை அழ ஆரம்பித்தது. நாதஸ்வரக்காரர் மட்டும் விஷயம் எட்டாமல் இன்னும் கொஞ்ச நேரம் வாசித்துவிட்டு நிறுத்தினார்.

"என்னங்க ஆச்சு?"

"அது... இன்னும் ஃபைனல் செக் ஆகலம்மா."

மனைவி அவரையே பார்த்தார். படித்த பெண். அதைவிட முக்கியம், அவரோடு ஐந்து வருடம் குடித்தனம் செய்த பெண்.

"நாளைக்கு மூவாயிரம் கரண்டி கடைக்குப் போகுதுன்னு காலையில சொன்னீங்களே. அதுக்கெல்லாம் செக் ஆயிடுச்சா?"

முதலாளி தன் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார். அன்றைக்கு அவருக்கு ஒரு போன்கூட வரவில்லை. மனைவி பாயம்மா பக்கம் திரும்பினார். "நீங்க தெரிஞ்சேதான் கொண்டு வந்தீங்களா?"

"ஒங்க ஊட்டுக்காரரு கேட்டாரு, கொணாந்தேன்" என்றார் பாயம்மா. குனிந்து கரண்டியை எடுத்துக் கைக்குட்டையில் சுற்றிப் பைக்குள் வைத்துக் கொண்டு, பந்திக்குப் போனார். நான் போனபோது இரண்டாவது வடை கேட்டுக் கொண்டிருந்தார்.

மறுநாள் மூவாயிரம் கரண்டியும் லாரி ஏறவில்லை. முதலாளியின் மனைவி காலையிலேயே வந்து வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். ஆர்டர் போனது. கரண்டிகளை எரித்துவிடலாம் என்று மேஸ்திரி சொன்னார். "அந்தப் பொகைய யாரு மூக்குல வுடுவ?" என்று பாயம்மா அதற்கும் வேண்டாம் என்றார். கடைசியில் ஒரு பெயிண்ட் கடைக்காரர் டப்பாவில் பெயிண்ட் கலக்கக் குச்சி வேண்டும் என்று மூட்டையாகக் கட்டி எடுத்துப் போனார். எங்கள் கம்பெனியிலிருந்து போன சரக்கில் ஒரு புகார்கூட வராத சரக்கு அதுதான்.

இப்படி முடிந்ததும் பாயம்மாவை ஊரே கொண்டாடியிருக்கும் என்று நினைப்பீர்கள். பட்டறையில் யாரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. "மொதலாளி தப்பு பண்ணாரு, சரி" என்றார் மேஸ்திரி. "அதுக்காவ பச்சக் கொயந்த வாயாண்ட வெஷத்தக் கொண்டு போவாளா ஒரு பொம்பள? அவுரு தட்டி வுடலன்னா? கொலகாரி!" நானும் தலையாட்டினேன். அந்த மரத்துக்கு லேபிள் எழுதிய நான். அதுவரை பாயம்மாவோடு ஒரே மேஜையில் சாப்பிட்டுக் கொண்டிருந்தேன். அன்று மதியம் டிபன் பாக்ஸைத் தூக்கிக் கொண்டு ஜன்னலோரம் போய்விட்டேன். அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். தன் டப்பாவைத் திறந்து தனியாகச் சாப்பிட்டார்.

அந்த மாதக் கடைசியில், "இனிமே அந்தம்மா என் குழந்தை இருக்கிற பக்கமே வரக் கூடாது" என்று முதலாளியின் மனைவி சொன்னதாகச் சொல்லி, முதலாளி பாயம்மாவை நிறுத்தினார். ஃபேமிலியிலிருந்து ஆளை நிறுத்துவதால் மரியாதையாகவே செய்தார். கேக் வெட்டினார்கள். தொட்டியில் ஒரு குரோட்டன்ஸ் செடி பரிசாகக் கொடுத்தார்கள். பாயம்மா அதை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "நல்ல செடி. மாடுகூட வாயில வெக்காது" என்றார். ஆட்டோ ஏறிப் போய்விட்டார். அடுத்த வாரமே 'ஒவ்வொரு மரமும் கொதிநீர்ச் சோதனைக்குப் பிறகே' என்று லேபிளில் சேர்க்கச் சொன்னார் முதலாளி. சேர்த்தேன்.

கொதிக்க வைக்கிற அடுப்பும் கிண்ணமும் பாயம்மாவுடைய சொந்தச் சாமான். விட்டுவிட்டுப் போயிருந்தார். இரண்டு மாதம் கழித்து அதைக் கொடுக்க என்னை அனுப்பினார்கள். திருவள்ளூர் பஜார் தெருவுக்குப் பின்னால் வீடு. கதவு திறந்திருந்தது. கூடத்தில் இரண்டு வயதுப் பேத்தி சம்மணம் போட்டு உட்கார்ந்து தயிர் சாதம் சாப்பிட்டுக் கொண்டிருந்தாள். கையில் அந்தச் சிவப்புக் கரண்டி.

அடுப்பைப் போட்டுவிட்டு ஓடினேன். குழந்தை கையிலிருந்து கரண்டியைப் பிடுங்கினேன். அவள் வீல் என்று கத்தினாள். பாயம்மா உள்ளேயிருந்து ஈரக்கையோடு வந்தார்.

"ஏம்மா கொயந்திய அய வெக்கிற?"

"பாயம்மா, இது அந்தக் கரண்டி! விஷம்! பேத்திக்குப் போய்..."

"குடு இங்க." கரண்டியை வாங்கிச் சேலையில் துடைத்துப் பேத்தியிடம் கொடுத்தார். "பூவரசும்மா அது. எங்கூட்டுக்காரரு இருக்கசொல்லோ வாங்கிப் போட்ட கட்ட. கட்டிலு காலுக்குன்னு வெச்சிருந்தோம்."

நான் பேத்தி கையிலிருந்த கரண்டியை இன்னொரு முறை பார்த்தேன்.

"அன்னிக்கு அந்த மரத்தைப் பையில போட்டீங்களே? எல்லாரும் பாத்தோமே?"

"பாக்கணும்னுதான் போட்டேன். தோ கீது பாரு."

காற்றில் அடித்துக் கொள்ளாமல் கதவுக்கு அந்தத் துண்டை முட்டுக் கொடுத்து வைத்திருந்தார். எம்.பி. வெளியே தெரிய உட்கார்ந்திருந்தார்.

"ஒங்க மொதலாளிக்கு மரம் தெரியாது. ஒனக்கும் தெரியாது. மேஸ்திரி பாத்தா கண்டுபுடிச்சிருப்பாரு, அவரு மொதப் பந்தியிலயே ஒக்காந்துட்டாரு."

"சார் தட்டிவிடலைன்னா?"

"கொயந்த ஒரு வாய் சோறு தின்னிருக்கும். நான் மறுநா அந்த லாரிய எப்டி நிறுத்துறதுன்னு முயிச்சிருப்பேன்."

"அப்பவே சொல்லியிருக்கலாமே பாயம்மா! எல்லாரும் உங்களை என்னென்ன..."

"கொலகாரின்னாங்க. தெரியும்." குழந்தையின் கன்னத்தில் ஒட்டியிருந்த சோற்றை எடுத்தார். "சொல்லியிருந்தா இன்னா ஆவும்? 'அட, பூவரசா? நான்தான் சும்மா பயந்துட்டேன்'னு மறுநாளே கும்மிடிப்பூண்டிக்கு வண்டி வுட்டுருப்பாரு. இப்ப அந்த மரத்தப் பாத்தாலே அவருக்குத் தன் பொண்ணு வாயி ஞாபகம் வரும். வரட்டும். பயந்துகினே இருக்கட்டும்."

"அதுக்காக வேலை போச்சே."

"போச்சு" என்றார். "காலையில எயுந்தா எங்க போறதுன்னு தெரியல. நாஷ்டா துன்னுட்டு இந்த ஊட்டையே சுத்திச் சுத்தி வரேன். அதகூட வுடு. நீ டப்பாவத் தூக்கிகினு போன பாரு, ஜன்னலாண்ட. அன்னிக்குத்தான் ஒனக்கு மட்டுமாவது சொல்லிடலாமான்னு இருந்துது."

"மன்னிச்சிருங்க பாயம்மா" என்றேன், தரையைப் பார்த்துக் கொண்டே.

"சரி, சரி. நீயும் சொல்லிடாத. சாதம் போடட்டா?"

சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தேன்.

யாரிடமும் சொல்லவில்லை. ஏழெட்டு மாதம் ஓடியது. இன்னொரு குழந்தைச் சாமான் கடையிலிருந்து விசாரித்தார்கள். முதலாளி என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். கையில் போன்.

"அந்தக் கும்மிடிப்பூண்டி ஆள் கூப்பிட்டான். லோடு ரெடியா இருக்காம்." போனை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். "உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். அன்னிக்குப் பாயம்மா கொண்டு வந்தது அதே மரம்தானா? யோசிச்சுப் பாத்தா, அவங்க ஒரு குழந்தைக்கு அப்படிச் செய்யற ஆளான்னு தோணுது. வேற ஏதாவது நல்ல மரத்துல செஞ்சு என்னைப் பயமுறுத்திட்டாங்களோ?"

மரத்தைப் பற்றியும் மனிதரைப் பற்றியும் அவர் வாழ்நாளில் சரியாகச் சொன்னது அது ஒன்றுதான். சொல்ல வேண்டிய நேரம் மட்டும் தப்பு.

"அதே மரம்தான் சார்" என்றேன். "பையில போட்டதை நீங்களும்தான பாத்தீங்க. அவங்க வீட்டுக்குப் போனப்ப மிச்சத் துண்டையும் பாத்தேன். முத்திரை அப்படியே இருக்கு."

"அப்போ நிஜமாவே பாப்பாவுக்கு..."

"நீங்க தட்டிவிடலைன்னா உள்ள போயிருக்கும் சார்."

எத்தனையோ லேபிள் எழுதியிருக்கிறேன். குரல் நடுங்காமல், கண்ணைப் பார்த்துச் சொன்ன பொய் அதுதான். அவர் முகம் வெளுத்தது. போனை மேஜைமேல் கவிழ்த்து வைத்தார். "பூவரசு எங்க கிடைக்கும்னு விசாரிங்க" என்றார்.

"காய ஒரு வருஷம் ஆகும் சார்."

"ஆகட்டும்" என்றார்.